டிரான்ஸ்பார்மர் மாடலை எதோடு ஒப்பிட்டார்கள்?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் நூற்பாலை நடத்துகிறேன். 33/11 கே.வி., 5 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மர், விசிறி கிடையாது. ஒரு ஏஜென்ட், டிரான்ஸ்பார்மரின் சூட்டைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் மாடலின் கிராஃபைக் காட்டி, "உங்கள் மீட்டரோடு 2 டிகிரிக்குள் பொருந்துகிறது, 20 சதவீதம் கூடுதல் லோடு ஏற்றலாம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: அந்த கிராஃபை மட்டும் வைத்து நம்பாதீர்கள். எந்த மீட்டரோடு பொருந்துகிறது என்று முதலில் கேளுங்கள். ஓ.டி.ஐ. (ஆயில் சூடு காட்டும் மீட்டர்) என்றால், அது காட்டுவது மேல் ஆயிலின் சூடு. உங்கள் டிரான்ஸ்பார்மரின் ஆயுளைத் தீர்மானிப்பதோ காயிலில் சுற்றிய காகிதம். சாதாரணக் காகிதத்துக்கு மிகச் சூடான இடத்தில் 98 டிகிரி வரை இயல்பான தேய்மானம். அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் தேய்மானம் இரட்டிப்பாகும். ஆயிலில் 2 டிகிரிக்குள் பொருந்தும் மாடல் காயிலில் 6 டிகிரி குறைத்துச் சொல்லலாம். அது கிராஃபில் தெரியாது.

டபிள்யூ.டி.ஐ. (வைண்டிங், அதாவது காயிலின், சூடு காட்டும்) மீட்டர் என்றால் இன்னும் கவனம். பெயரில் வைண்டிங் இருந்தாலும் அது வைண்டிங்கைத் தொடுவதே இல்லை. மேலே ஆயில் குழியில் இருக்கும் அதன் முனையோடு சி.டி. (லோடு கரண்டை அளக்கும் சிறு டிரான்ஸ்பார்மர்) தரும் கரண்டில் ஓடும் சிறு ஹீட்டர் சேர்ந்து முள்ளை நகர்த்துகிறது. அதுவும் ஒரு கணக்குதான். கணக்கை கணக்கோடு ஒப்பிட்டுவிட்டு "நிரூபித்துவிட்டோம்" என்று பில் போடுகிறார்கள். இதைப் பல இடங்களில் பார்த்துக் கோபப்பட்டிருக்கிறேன்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தயாரிக்கும்போதே வைண்டிங்குக்குள் ஃபைபர் ஆப்டிக் சென்சார் வைத்திருந்தால், அந்த அளவோடு ஒப்பிடலாம். அப்போதும் சென்சார் எந்தச் சுற்றில் இருக்கிறது என்று படத்தில் காட்டச் சொல்லுங்கள். மிகச் சூடான இடத்தை விட்டு வேறெங்கோ வைத்திருந்தால் பயனில்லை. ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்பார்மரில் பின்னால் அதைப் பொருத்தவும் முடியாது. "டாங்கின் வெளியே ஒட்டினால் போதும்" என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், லோடு ஏறும் நேரத்தைப் பாருங்கள். சர்வதேச மின்தர அமைப்பான ஐ.இ.சி.யின் வழிகாட்டி விசிறியில்லாத நடுத்தர, பெரிய டிரான்ஸ்பார்மருக்கு ஆயிலின் நேர மாறிலியை (சூடு எவ்வளவு மெதுவாக ஏறும் என்பதன் அளவு) 210 நிமிடமாகவும் வைண்டிங்குடையதை 10 நிமிடமாகவும் எடுத்துக்கொள்கிறது. கரண்ட் வந்து எல்லா மிஷினும் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது காயில் சட்டென்று சூடாகிவிடும். ஆயில் மெதுவாகத்தான் ஓடத் தொடங்கும். பழைய சூத்திரங்கள் இந்த எகிறலைக் காட்டாது. 2005-இல் வந்த ஐ.இ.சி. 60076-7 காட்டும். ஏஜென்டிடம் எதைப் பயன்படுத்தினார் என்று கேளுங்கள்.

சோதிப்பது எளிது. இரண்டு மாதப் பதிவில் ஒரு மாதத்தை மட்டும் கொடுத்து மாடலைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அடுத்த மாதத்துக்கு லோடும், நிழலில் அளந்த வெளிச்சூடும் மட்டும் கொடுங்கள். ஆயில் சூட்டைச் சொல்லட்டும். சராசரிப் பிழை வேண்டாம், லோடு ஏறும்போது எவ்வளவு குறைத்துச் சொன்னது என்று பாருங்கள். மார்கழிப் பதிவில் சரிசெய்ததைச் சித்திரைக்கு நம்பக் கூடாது.

அடுத்தது வெப்பச் சோதனை அறிக்கை, அதாவது லோடில் ஆயிலும் காயிலும் எவ்வளவு சூடாகின்றன என்று தயாரித்தவர் அளந்தது. பெரும்பாலும் அதே மாதிரி டிசைனில் வேறொரு யூனிட்டைச் சோதித்த ஜெராக்ஸைக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவருக்கு அவருடைய டிரான்ஸ்பார்மரின் எண்கள் கிடைப்பதில்லை, இது எத்தனை வருடமாகச் சொல்லியும் மாறவில்லை. உங்கள் சீரியல் நம்பரைக் குறிப்பிட்டு தயாரித்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். வரும்வரை அந்த 20 சதவீதத்தை ஏற்றாதீர்கள், ஏஜென்டுக்கு அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.