மகனை உள்ளே போட்டுவிடுவார்களோ?

தங்கச்சி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஆறு மாதத்துக்குள் 14 வயது மகன் பள்ளிக்கூடச் சண்டையில் மாட்டி, பொலிஸ் வீடுவரை வந்துபோனதாக எழுதியிருந்தீர்கள். உள்ளே போட்டுவிடுவார்களோ, கறுப்பினப் பெடியங்களோடு சேரவிடாமல் வைத்தால் சரிவருமோ என்று இரண்டு கேள்வி.

முதலாவதற்கு அவ்வளவு பயப்படத் தேவையில்லை. 12 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு இங்கே தனிச் சட்டம், 2003இல் நடைமுறைக்கு வந்தது. சின்னக் குற்றமென்றால் பொலிஸ் எச்சரித்து விடலாம். மன்னிப்புக் கடிதம், சமூக வேலை என்று கோர்ட்டுக்குப் போகாமலும் முடிக்கலாம். சிறை கடைசி வழி. பொலிஸ் பிடித்து விசாரித்தால், "லோயரோடும் அம்மாவோடும் பேசவேணும்" என்று மரியாதையாகச் சொல்ல மகனைப் பழக்குங்கள். அது அவனுடைய உரிமை. எங்கட ஆட்கள் பயத்தில் பிள்ளையைக் கொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வைத்துவிடுவார்கள்.

இரண்டாவதற்கு என் வீட்டுக் கதை. 2005இல் என் மகனும் அவனுடைய ஜமேக்கா நண்பனும் பிளாசாக் கடையொன்றில் ஆளுக்கொரு சொக்லேட் பெட்டியை ஜாக்கெட்டுக்குள் வைத்துப் பிடிபட்டார்கள். நான் கையில் கிரீஸ் கறையோடு வேலையிலிருந்து ஓடினேன். பொலிஸ்காரர் என் மகனை "அப்பாவோடு போ" என்றுவிட்டார். மற்றவனை, தாய் வந்துசேர முன்னமே காரின் பின்சீட்டில் ஏற்றினார். கடைசியில் அவனுக்கும் மன்னிப்புக் கடிதத்தோடுதான் முடிந்தது, நாலு மாதம் கோர்ட்டுக்கு அலைந்தபிறகு. ஒவ்வொரு தவணைக்கும் அந்தத் தாய் சம்பளமில்லாமல் லீவு போட்டார். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. என் பிள்ளை தப்பினால் காணும் என்று இருந்துவிட்டேன்.

நாடு முழுக்க இந்தக் கதைதான். 2016-17 கணக்கில் இளையோரில் பூர்வகுடிகள் 8 சதவீதம். தடுப்பிலும் கண்காணிப்பிலும் சேர்க்கப்பட்ட இளையோரிலோ 46 சதவீதம். கறுப்பின மாணவர்கள் குறிவைக்கப்படுகிறார்கள் என்ற முறைப்பாடுகளுக்குப் பிறகு, ரொறன்ரோ பொதுப் பள்ளிச் சபை 2017இல் பள்ளிகளுக்குள் பொலிஸை நிறுத்துவதைக் கைவிட்டது. தொண்ணூறுகளில் நாலு தமிழ்ப் பெடியங்கள் டோனட் கடை வாசலில் நின்றாலே 'காங்', அதாவது ரவுடிக் கூட்டம் என்று பார்த்தார்கள். அதை அனுபவித்த நாங்களே இப்போது மற்றப் பிள்ளைகளைக் காட்டி "அவங்களோட சேராதே" என்கிறோம்.

பள்ளிக்கூடம் கூப்பிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். அப்புறம், சண்டையில் மாட்டிய மற்றப் பெடியனுக்கு என்ன நடந்தது என்றும் ஒருக்கால் விசாரியுங்கள்.