நாஷ்வில்லில் ஒரு நான்கு மணி நேர ஷிப்ட்

கேள்வி: பயணத்தில் எதிர்பாராமல் கேட்டு, இன்னும் மனதை விட்டுப் போகாத இசை நிகழ்ச்சி எது?

டிக்கெட் வாங்கிக் கேட்ட கச்சேரி எதுவும் இல்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், ஒரு மதுக்கடையின் ஜன்னலோர மேடையில் ஐந்து பேர் போட்ட ஆட்டம்தான்.

அட்லாண்டாவில் இருக்கும் அக்கா மகனுடன் காரில் போயிருந்தேன். ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பகலில் ரைமன் அரங்கத்தைச் சுற்றிப் பார்த்தோம். 1892-இல் வழிபாட்டுக் கூடமாகத் திறக்கப்பட்ட கட்டடம். இன்றும் ரசிகர்கள் அமர்வது தேவாலய மரபெஞ்சுகளில்தான். ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற வானொலி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை இங்கிருந்துதான் ஒலிபரப்பானது. அமெரிக்கக் கிராமிய மரபில் பிறந்த கன்ட்ரி இசைக்கு இது கோயில். ஆனால் பக்கவாட்டில் உள்ள ஒரு சந்து வழியைத் தாண்டினால் பிராட்வே தெருவின் மதுக்கடைகள். உள்ளே பாட வந்த பெரிய பாடகர்களே இடையிடையே நழுவி இங்கே வந்து தாகம் தீர்த்துக்கொண்ட கதைகள் நிறைய உண்டு.

‘ஹாங்கி டாங்க்’ என்று பெயர் பெற்ற இந்தக் கடைகளில் பகலிலேயே பாட்டு தொடங்கிவிடுகிறது. நள்ளிரவு தாண்டியும் ஓய்வதில்லை. பெரும்பாலான இடங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு குழுவுக்கு நான்கு மணி நேரம் வரை ஷிப்ட், பிறகு அடுத்த குழு. இசைக்கலைஞர்களின் வருமானத்தில் பெரும்பங்கு, வாளியில் ரசிகர்கள் போடும் பணம். பிஆர்549 என்ற குழு 1990-களில் ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டு என்ற கடையில் இப்படி வாசித்துத்தான் பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் கண்ணில் பட்டது. எல்லாருக்கும் அந்த யோகம் அடிப்பதில்லை.

முதலில் பளபளப்பான ஒரு மாடிக் கடைக்குள் போய் ஏமாந்தோம். மூன்று தளம், மூன்று குழு, படிக்கட்டில் நின்றால் மூன்றும் கலந்த கூழ். வெளியே வந்து, ஆட்டம் பலமாக இருந்த சின்னக் கடை ஒன்றில் நுழைந்தோம். வாசலில் இருந்தவர் என் நரைத்த தலையைப் பார்த்த பிறகும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பிறந்த தேதியைச் சரிபார்த்தார். “மாமா, காதில் இதை வைத்துக்கொள்ளுங்கள்” என்று மருமகன் பஞ்சு கொடுத்தான். கௌரவம் பார்த்து மறுத்தேன். மறுநாள் மதியம் வரை காதில் வண்டு ரீங்கரித்தது.

மேடை என்பது தெருவைப் பார்த்த ஜன்னலை ஒட்டிய ஒரு முழ உயரத் திண்ணை. டிரம்ஸ்காரரின் முதுகு கண்ணாடியில் உரசியது. சோடா கிளாஸை மேசையில் வைத்தால் தானாக நகர்ந்தது. கிட்டார்காரர் தந்திகளைச் சுண்டிய விதத்தில், கோழிகள் தானியத்துக்குச் சண்டை போடுவதைப் போலச் சத்தம் வந்தது. பாஸ் என்ற ராட்சத வயலினை வாசித்தவர் ஆள் உயரத்துக்கு மேல் இருந்த தன் வாத்தியத்தின் இடுப்பில் காலை வைத்து ஏறி நின்று வாசித்தார். வெள்ளை பூட்ஸ் அணிந்த கல்யாணப்பெண் ஒருத்தியும் தோழிகளும் கூச்சலிட, எழுபது வயதுக்குக் குறையாத ஒரு பாட்டி யாரையும் பொருட்படுத்தாமல் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். நன்றாகவே ஆடினார்.

இதெல்லாம் வெறும் ரகளை என்றுதான் முதல் அரை மணி நேரம் நினைத்திருந்தேன்.

அப்போது ஒருவர் இருபது டாலர் நோட்டோடு ஒரு சீட்டைக் கொடுத்து ஏதோ பாட்டைக் கேட்டார். பாடகர் பாஸ்காரரைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். தெரியாது என்று அர்த்தம். பாடகர் சுருதியை மட்டும் சொல்லிவிட்டுத் தொடங்கிவிட்டார். வயலின் வாசித்த பெண் வில்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் விரல்களைக் காட்டினார். ஒன்று, நான்கு, ஒன்று, ஐந்து. பாஸ்காரரின் கண் அந்தக் கையை விட்டு அகலவில்லை. இரண்டாவது சரணத்தில் கை தேவைப்படவில்லை.

கிட்டார் கற்கும் மருமகன் விளக்கினான். இது நாஷ்வில் எண் முறை. 1950-களின் இறுதியில் இங்குள்ள ஒலிப்பதிவுக் கூடங்களில் உருவானது. சில சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கும் சுரக்கோர்வைகளுக்குப் பெயருக்குப் பதில் எண். பாடகருக்கு ஏற்பச் சுருதி ஏறினாலும் இறங்கினாலும் எண் மாறாது. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நம் ச, ம, ப போலத்தானே! அதன்பின் பாட்டை விட்டுவிட்டு அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்தது. அடுத்த குழு ஒயர்களைச் செருகத் தொடங்கிவிட்டது. டிரம்ஸ்காரர் தன் தாளத்தட்டுகளை மட்டும் கழற்றிப் பைக்குள் வைத்தார். மற்றவை கடையின் சொத்து. வயலின்காரப் பெண் வாளியை ஒரு ஸ்டூலில் கவிழ்த்து, கசங்கிய நோட்டுகளை நீவி நீவி ஐந்து குவியலாகப் பிரித்தார். ஒரு டாலர் மிஞ்சியது. அதைப் பாஸ்காரரின் சட்டைப்பையில் செருகிவிட்டு ஏதோ சொன்னார். ஐவரும் சிரித்தார்கள்.