வாசகர் கேள்வி பதில்: வீட்டு ஒயினுக்கு எந்தத் தக்கை?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்து சுங்கை சிப்புட் பட்டணத்தில் குடியேறியவர்கள். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்காகக் கறுப்புத் திராட்சையில் வீட்டிலேயே ஒயின் ஊறவைப்போம். சென்ற ஆண்டு 30 போத்தல்களுக்கு இணையத்தில் மலிவாகக் கிடைத்த தக்கைகளை வாங்கி அடித்தோம். ஆறு போத்தல்கள் ஓரமாகக் கசிந்தன. இரண்டில் தக்கை தானாகவே மேலே எழும்பியது. ஒன்றைத் திறந்தபோது நனைந்த கோணிச்சாக்கின் வாடை அடித்தது. நம்பி வாங்கக்கூடிய தக்கை எது?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, தக்கையின் மேல் மூன்று குற்றங்களைச் சுமத்தியிருக்கிறீர்கள். அவற்றுள் எழும்பி வந்த குற்றத்தில் தக்கைக்குப் பங்கு இருக்காது என்பது என் எண்ணம். ஒயினில் சர்க்கரை மிச்சமிருக்க, ஈஸ்ட்டும் உயிரோடிருக்க, இன்னும் புளித்து முடியாத நிலையில் போத்தலை அடைத்துவிட்டால், உள்ளே உண்டாகும் கரியமில வாயு எவ்வளவு உயர்ந்த தக்கையையும் தள்ளிவிடும். தக்கை அசையாமல் நின்றால் போத்தலே வெடிக்கக்கூடும். நம் வீடுகளில் நாள் கணக்கை மட்டும் பார்த்து வடிகட்டி அடைப்பதால் நேரும் தவறு இது. தோட்டத்துப் பால் ஸ்டோரில் மெட்ரோலாக் என்னும் கருவியை மிதக்கவிட்டு ரப்பர்ப் பாலின் கெட்டியை அளந்ததைப் பார்த்தவர்கள் உங்கள் குடும்பத்திலேயே இருப்பார்கள். அதே தத்துவத்தில் இயங்கும் ஹைட்ரோமீட்டரை ஒயினில் மிதக்கவிட்டு, அளவு 1.000-க்குக் கீழே இறங்கி, தொடர்ந்து சில நாள்கள் மாறாமல் நின்ற பிறகே தக்கை அடியுங்கள். இனிப்பாகத்தான் வேண்டுமென்றால், மறுபடி புளிக்காமல் தடுக்கும் பொட்டாசியம் சார்பேட்டும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டும் உரிய அளவில் சேர்த்த பிறகு இனிப்புக் கூட்டலாம். இல்லையேல் குளிர்பெட்டியில் வைத்து விரைவில் குடித்து முடிப்பதே பாதுகாப்பு.

கசிவுக்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம். வழக்கமான 750 மில்லிலிட்டர் ஒயின் போத்தலின் வாய் உட்புறம் சுமார் 18.5 மில்லிமீட்டர் அகலமுடையது. அதற்குரிய தக்கை 24 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது; கடைக்காரர்கள் இதனை 9-ஆம் எண் என்பார்கள். இவ்வளவு பெரிய தக்கை அவ்வளவு சிறிய வாய்க்குள் நெருக்குண்டு புகுந்து, பின் விரிந்து கண்ணாடியை அழுத்திப் பிடிப்பதால்தான் ஒயின் வெளியே வருவதில்லை. 22 மில்லிமீட்டர் அளவுள்ள 8-ஆம் எண் தக்கையைக் கையால் தள்ளும் எளிய கருவியாலேயே இறக்கிவிடலாம் என்பதற்காகப் பலர் அதையே வாங்குகிறார்கள். எளிதாக இறங்குவது எளிதாகக் கசியவும் செய்யும். இரட்டைக் கைப்பிடி உள்ள கருவியோ, தரையில் நிறுத்தி மிதித்து அழுத்தும் கருவியோ இருந்தால் 9-ஆம் எண்ணைத் தயங்காமல் வாங்குங்கள். கருவியின் தாடைகள் தேய்ந்திருந்தால் தக்கையின் உடம்பில் நீளவாக்கில் ஒரு மடிப்பு விழும். கசிந்த ஆறு தக்கைகளையும் நீங்கள் வீசியிராவிட்டால் அந்த மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பழி தக்கை விற்றவரைச் சேராது.

கோணிச்சாக்கு வாடை மட்டும் தக்கையின் மேலேயே விழத்தக்க குற்றம். பூஞ்சையும் குளோரின் கலந்த பொருள்களும் சேரும் இடத்தில் உண்டாகும் டிரைகுளோரோஅனிசோல் என்னும் பொருள்தான் அதற்குப் பெரும்பாலும் காரணம். 1980-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் ஹான்ஸ் டானர் இதனைக் கண்டறிந்தார். ஒரு லிட்டர் ஒயினில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு கலந்தாலே மூக்கு அதனைக் கண்டுகொள்ளும். உடம்புக்குக் கேடில்லை, ஆனால் பழத்தின் மணம் முழுவதும் செத்துவிடும். துணி வெளுக்கும் குளோரின் நீரால் போத்தலையோ, தக்கை வைத்த பாத்திரத்தையோ கழுவும் பழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன். இயற்கைத் தக்கை, போர்த்துகல், ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. மரம் ஏறத்தாழ 25 வயதானதும் முதன்முறை பட்டையை உரிப்பார்கள். பின்னர் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிப்பார்கள். மூன்றாம் உரிப்பிலிருந்துதான் ஒயின் தக்கைக்கு ஏற்ற பட்டை கிடைக்கும். கித்தா (ரப்பர்) மரம் சீவியவர்களுக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும்: கத்தி உள்தோலைத் தொட்டால் அடுத்த பட்டை முடிச்சு முடிச்சாக வளரும் என்று கங்காணியிடம் திட்டு வாங்காதவர் யார்? அங்கே கோடரியால் உரிப்பவர்களுக்கும் அதே கவனம் வேண்டும். இத்தனை காலம் காத்துக் கிடைக்கும் பட்டையில் துளையும் வெடிப்பும் இல்லாத பகுதி சிறிதே என்பதால் நல்ல இயற்கைத் தக்கை விலை உயர்ந்தது. மலிவாகக் கிடைக்கும் இயற்கைத் தக்கை கழித்துப்போட்ட தரமாகவே இருக்கும். துளைகளைத் தூளாலும் பசையாலும் அடைத்து அழகாக்கியிருப்பார்கள்.

உங்கள் ஒயின் டிசம்பரில் அடைக்கப்பட்டு அடுத்த டிசம்பருக்குள் தீர்ந்துவிடுவது. அதற்கு 49 மில்லிமீட்டர் நீளமுள்ள உயர்தர இயற்கைத் தக்கை வாங்குவது வீண் செலவு. தக்கையை நுண் துகள்களாக்கிச் சீராக ஒட்டிச் செய்த, 38 மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்துகள் தக்கையையே உங்களுக்குப் பரிந்துரைப்பேன். டியாம் என்ற பெயரில் வருபவை, வாடைப் பொருள் நீங்கும்படி உயரழுத்தக் கரியமில வாயுவால் துகள்களைக் கழுவிச் செய்யப்படுபவை. அடுத்தபடியாக, நடுவில் துகள்களும் இரு முனைகளிலும் இயற்கைத் தக்கை வட்டும் ஒட்டியவை நல்லவை. பருக்கை பருக்கையாகத் துகள் தெரியும் பழைய வகை சில மாதங்களுக்கு மட்டுமே தாங்கும். உங்களுக்கு வந்த மலிவுத் தக்கைகள் அவையாக இருக்கலாம்.

எதை வாங்கினாலும் காற்றுப் புகாமல் ஒட்டிய பையில் வந்ததாக இருக்கட்டும். கண்ணாடிக் குப்பியில் அள்ளி எண்ணிக் கொடுக்கும் தக்கை நம் ஊர் ஈரத்தில் எத்தனை நாள் கிடந்ததோ, யார் கண்டார்? பையைப் பிரித்ததும் நான்கைந்தை எடுத்து, ஆறவைத்த கொதிநீரில் மூடிய கண்ணாடிக் குவளையில் ஒரு நாள் ஊறவிட்டு அந்த நீரை முகர்ந்து பாருங்கள். இன்னும் இரண்டை, சிவப்புச் சிராப் கலந்த நீர் நிரப்பிய போத்தல்களில் அடித்து, வெள்ளைத் தாளின் மேல் இரண்டு இரவு படுக்கப் போடுங்கள். தாளில் சிவப்புக் கறை இல்லையென்றால் உங்கள் தக்கையும் கருவியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன.

கேள்வி: தக்கையைக் கொதிநீரில் அரை மணி நேரம் வேகவைத்து மிருதுவாக்கி அடிக்கும்படி என் தாத்தா சொல்வார். அது சரியா?
— வாசகர், கோலகங்சார்

பதில்: பெரியவர் காலத்தில் பையில் அடைத்த சுத்தமான தக்கை கிடைத்திராது, அவர் செய்ததில் காரணம் இருந்தது. இன்றைய தக்கைகளின் மேல், வழுக்கி இறங்குவதற்காக மெழுகோ சிலிகோனோ பூசியிருக்கிறார்கள். வேகவைத்தால் அது கரைந்து போவதோடு தக்கையின் மீள்தன்மையும் குறைகிறது. தக்கை தான் குடித்த நீரை, அடிக்கும்போது ஒயினுக்குள் பிழிகிறது. மூடிய பையிலிருந்து எடுத்ததை அப்படியே அடிக்கலாம். மனம் ஒப்பாவிட்டால், சிறிதளவு பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கரைத்த நீரில் ஒருமுறை அலசி உதறிவிடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த ஆவியை நெருங்க வேண்டாம்.

கேள்வி: விருந்துகளில் திறந்த போத்தல்களின் தக்கைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். மறுபடியும் பயன்படுமா?
— வாசகர், பீடோர்

பதில்: திருகாணி துளைத்த தக்கை கசியும். சாவிக்கொத்துக்குப் பயன்படும்.

கேள்வி: பிளாஸ்டிக் தக்கையோ திருகு மூடியோ போதாதா?
— வாசகி, தெலுக் இந்தான்

பதில்: போதும். பிளாஸ்டிக் தக்கையில் கோணிச்சாக்கு வாடை வராது, போத்தலைப் படுக்க வைக்கவும் தேவையில்லை. ஆனால் அது கடினமாக இருப்பதால் கையால் தள்ளும் கருவிக்கு இணங்காது. உள்ளே நுரை போன்றும் வெளியே வழவழப்பாகவும் இருக்கும் வகையே நன்றாக விரிந்து பிடிக்கும். பழைய திருகு மூடியை மறுபடி திருகினால் உள்வட்டு தேய்ந்திருந்து காற்று புகும். புது மூடி வாங்குங்கள். திருகு மூடிக்கென்று செய்த போத்தலின் வாயில் மட்டும் தக்கையை அடிக்காதீர்கள், கழுத்து விரிசல் விடலாம்.

கேள்வி: எங்கள் வீடு தகரக் கூரை வீடு. நிலவறைக்கு எங்கே போவது?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நிலவறை இல்லாததை விட, வெப்பம் ஏறி இறங்குவதே நமக்குத் தொல்லை. 20 பாகையில் உள்ள ஒயினை நிரப்பி அடைத்து, அது 35 பாகைக்கு வந்தால், 750 மில்லிலிட்டர் ஒயின் மூன்று மில்லிலிட்டருக்கு மேல் விரியும். குறுகிய கழுத்தில் அது ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் வரும். ஆகவே ஒயின் அறையின் வெப்பத்துக்கு வந்தபின் நிரப்பி, தக்கையின் அடிக்கும் ஒயினுக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடம் விடுங்கள். அடித்தபின் ஒன்று முதல் மூன்று நாள் நிமிர்த்தி வைத்து, தக்கை முழுவதும் விரிந்த பிறகு படுக்க வையுங்கள். தக்கை காய்ந்து சுருங்காதிருக்க ஒயின் அதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மேல்மாடி, அடுப்படி, குளிர்பெட்டியின் பின்புறம் ஆகியவை வேண்டாம். கீழ்வீட்டில் வெயில் படாத அறையில் கட்டிலுக்கு அடியில், சிமெண்டுத் தரையோடு ஒட்டிய அட்டைப் பெட்டிதான் தகரக் கூரை வீட்டில் கிடைக்கும் நல்ல இடம். ஈப்போவிலுள்ள உறவினருக்குக் கொடுத்தனுப்பும்போது, வெயிலில் நிறுத்தும் காரின் பின்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். அங்கே ஒரு மத்தியானம் கிடந்தாலே தக்கை தலைநீட்டிவிடும்.