இருமலே இல்லாமல் தோலில் காசநோய் வருமா? எப்படி உறுதி செய்வார்கள்?

கழுத்தில் ஆறாத புண், இருமல் இல்லை, ஆனாலும் மருத்துவர் காசநோயைச் சந்தேகிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சந்தேகம் நியாயமானதே. காசநோய்க் கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. கழுத்தில் நெறி கட்டிய நிணநீர்க் கணு உடைந்து, தோல் வழியாகச் சீழ் வடிவது இந்தியாவில் அடிக்கடி காணப்படும் வகை. இன்னொன்று லூபஸ் வல்காரிஸ்: வலியில்லாத செம்பழுப்புப் படை, ஓரத்தில் மெல்லப் படரும், நடுவில் தழும்பாகும். இதைப் படர்தாமரை என்று நினைத்து வருடக்கணக்கில் களிம்பு தடவுகிறவர்கள் உண்டு.

உறுதி செய்ய பயாப்ஸி வேண்டும். தோலில் சிறு துண்டை எடுத்து, கிரானுலோமா (அழற்சி அணுக்கள் திரண்ட சிறு முடிச்சு) இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஒரு பகுதியைக் கிருமி வளர்ப்புக்கும் மரபணுச் சோதனைக்கும் அனுப்புகிறார்களா என்று கேளுங்கள்; முழுவதையும் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டுவிட்டால் கிருமியை வளர்க்க முடியாது. வளர்ப்பு முடிவுக்கு 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். லூபஸ் வல்காரிஸில் கிருமிகள் சொற்பம். சோதனையில் அகப்படாததால் மட்டும் நோய் இல்லை என்றாகாது. மாண்டூ ஊசி (தோலுக்குள் போட்டுத் தடிப்பைப் பார்க்கும் காசநோய்ச் சோதனை) ஒரு துணைச் சான்று, அவ்வளவுதான். மார்பு எக்ஸ்ரேயும் எச்.ஐ.வி. சோதனையும் சேர்த்தே எடுப்பார்கள்.

மருந்து பொதுவாக 6 மாதம். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.