தையல் மேசை: கின்னரி உடை பற்றிய கேள்விகள்

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில் மகள் கின்னரியாக ஆடுகிறாள். வாடகை உடை வேண்டாம், மாந்தளை அரண்மனைப் பெண்கள் உடுத்திய பாணியில் நானே தைத்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, மோல்மேன்

பதில்: இடுப்பிலிருந்து ஆரம்பியுங்கள். கின்னரி இடுப்புக்கு மேலே பெண், கீழே பறவை. ஆகவே மேல் பாதிக்குப் பர்மாவின் கொன்பாங் மன்னர்கள் காலத்து (1752–1885) அரசவை உடை, கீழ்ப் பாதிக்கு இறகும் வாலும். இந்த எல்லைக்கோடு துலக்கமாக இருக்க வேண்டும். அழகாக இருக்கட்டுமே என்று சட்டையிலும் நாலு இறகை வைத்துவிட்டால், மேடையில் நிற்பது கின்னரியா சேவலா என்று முதல் வரிசையில் பேச்சு வரும்.

மேலுக்கு இரண்டு உருப்படி. உள்ளே மார்க்கச்சு. அதன் மேல் தைங்மதெய்ன் சட்டை: முன்பக்கம் ஒன்றோடொன்று சேராமல் திறந்து நிற்கும், கை மணிக்கட்டுவரை இறுகியிருக்கும், இடுப்போரம் கம்பி வைத்து வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். கீழே, கறுப்புப் பருத்தி மேல்பட்டி வைத்த தமெய்ன், அதாவது இடுப்பில் சுற்றிக் கட்டும் பாவாடை. பழைய அரசவைத் தமெய்ன் தரையில் புரளும். ஆடுகிறவளுக்கு அது தொல்லை, கணுக்காலுக்கு 2 அங்குலம் மேலேயே நிறுத்திவிடுங்கள்.

வேலையின் வரிசைதான் முக்கியம். முதலில் வாலின் சட்டகமும் அதைத் தாங்கும் இடுப்புக் கச்சையும். அதைப் பிள்ளைக்குக் கட்டிவிட்டு, அதன் மேல்தான் சட்டைக்கும் தமெய்னுக்கும் அளவெடுக்க வேண்டும். பஞ்சு வைத்த 3 அங்குலக் கச்சை இடுப்புச் சுற்றளவில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் ஏற்றும். சட்டையை முதலில் தைத்தவர்களுக்கு அது கச்சை மேல் உட்காராமல் விலாவுக்கு ஏறிக்கொள்ளும். பிறகு பிரித்துத் தைக்கத் துணி இருக்காது.

ரங்கூன் பக்கம் வந்தால் பியே சாலைத் தேசிய அருங்காட்சியகத்தில் அரசவை உடைகளைப் பாருங்கள். எல்லாரும் சிங்காதனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது உடைகளின் ஓர வேலை.

கேள்வி: சட்டையின் இடுப்போரத்துக்குள் கம்பி வைத்தும் அது வெளியே வளையவில்லை, உள்ளே சுருண்டு இடுப்பில் குத்துகிறது. கை தூக்கினால் சட்டை முழுவதும் மேலே வருகிறது.
– வாசகி, ரங்கூன்

பதில்: இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

கம்பி சுருளாகத்தான் கடையில் கிடைக்கும். வெட்டிய பிறகும் சுருளின் வளைவு அதில் இருக்கும். அந்த வளைவு உடம்பைப் பார்த்து இருந்தால் ஓரம் உள்ளேதான் சுருளும். கம்பியை உருவி, வளைவு வெளியே பார்க்கும்படி திருப்பிப் போடுங்கள், பாதிக் குறை தீர்ந்துவிடும். மீதிப் பாதி துணியில் இருக்கிறது. சட்டைத் துணியையே மடித்துக் கம்பிக்குப் பாதை தைத்திருந்தால் வளைவில் துணி இழுபடும். ஒன்றேகால் அங்குல அகலத்தில் க்ராஸ் பீஸ் (துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டும் பட்டை) வெட்டி, உள்பக்கம் தனியாக வைத்துத் தையுங்கள். க்ராஸ் பீஸ் வளைவோடு வளையும். கம்பி 1.2 மில்லிமீட்டர் கனம் போதும். அதைவிட மெல்லியது சம்கியின் பாரத்துக்கே தொங்கிப்போகும்.

கம்பியை ஓரத்தின் நீளத்தைவிட ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, இரு முனையிலும் அரை அங்குலத்தைக் கொக்கியாக மடக்கி, துணிப் பட்டையால் சுற்றிவிடுங்கள். வெட்டிய முனைதான் முதலில் துருப்பிடிக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் அந்தத் துரு வெள்ளைச் சாட்டினில் பழுப்புக் கறையாக இறங்கினால் போகாது. பாதையின் ஒரு முனையைத் தைக்காமல் கொக்கி போட்டு விடுங்கள், துவைக்கும்போது கம்பியை உருவிக்கொள்ளலாம்.

சட்டை மேலே ஏறுவதற்கு அக்குள்தான் காரணம். இறுகிய நீளக் கை, இறுகிய உடம்பு, கையைத் தூக்க இடம் எங்கே? 4 அங்குலச் சதுரத் துண்டு வெட்டி, நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்கு விட்டு, அக்குளில் சாய்சதுரமாக வையுங்கள். மூலைக்கு அரை அங்குலம் முன்பே நிறுத்தி, ஊசி துணிக்குள் இருக்கும்போது மெஷினின் அழுத்துகாலைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும். மூலை தாண்டித் தைத்தால் அங்கே சுருக்கம் விழும், முதல் ஒத்திகையிலேயே கிழியும். அக்குளைப் பெரிதாக வெட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அப்படி வெட்டினால் சட்டை இன்னும் அதிகமாகத்தான் ஏறும்.

கேள்வி: ஷான் கின்னரி ஆட்டத்தில் கையை விரித்தால் வாலும் விரிகிறதே, அது எப்படி? எவ்வளவு துணி வாங்க வேண்டும்?
– வாசகர், தட்டோன்

பதில்: கயிறுதான். தடின்ஜுட் எனும் விளக்குத் திருநாள் சமயத்தில் ஷான் இனத்தாரின் ஊர்களில் ஆடும் கின்னரிகளுக்கு மூங்கில் சட்டகமும் இழுகயிறும் உண்டு. நீங்கள் வீட்டில் செய்யத் தோதான ஓர் அமைப்பைச் சொல்கிறோம்.

மூங்கில் சிம்பு 9, ஒவ்வொன்றும் 24 அங்குலத்துக்கு மேல் ஓர் அங்குலம் நீளம். அடிப்பக்கம் 15 மில்லிமீட்டர் அகலம், நுனிக்குப் போகப் போக 8 மில்லிமீட்டர், கனம் 3 மில்லிமீட்டர். அடியிலிருந்து ஓர் அங்குலம் விட்டு 4 மில்லிமீட்டர் துளை. அடியையும் 8 மில்லிமீட்டராகச் சீவிவிட்டுத் துளை போட்டால் இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர்தான் மிஞ்சும், போல்ட்டை இறுக்கும்போதே பிளந்துவிடும். துளைக்கு மேலும் கீழும் நூல் சுற்றிப் பசை தடவுங்கள். ஒன்பதையும் அடுக்கினால் 27 மில்லிமீட்டர் வருகிறது, ஆகவே 2 அங்குலப் போல்ட் வேண்டும். நடுச் சிம்பை மட்டும் கச்சையின் முதுகுப் பலகையோடு அசையாமல் கட்டுங்கள். பாரம் இடுப்பெலும்பில் இருக்க வேண்டும். தோளில் நாடா போட்டுத் தொங்கவிட்டால் சட்டைக் கழுத்து பின்னால் இழுபடும்.

இனித் துணிக் கணக்கு. வால் 150 பாகை விரியட்டும். துளையிலிருந்து 24 அங்குலத்தில் வெளி வளைவு ஏறக்குறைய 63 அங்குலம். 9 சிம்புக்கு இடையே 8 துண்டு, ஒன்றுக்குக் கொஞ்சம் குறைய 8 அங்குலம். தையலுக்கு ஓர் அங்குலம் சேர்த்தால் மேல் அகலம் 8⅞. துணி 4 அங்குலத்திலிருந்து ஆரம்பிக்கட்டும், அங்கே அகலம் தையலோடு 2⅜. உயரம் 20 அங்குலம், மேலும் கீழும் மடிக்க ஒவ்வோர் அங்குலம், ஆக 22.

44 அங்குலத் துணியில் ஒரு துண்டை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்தால் வரிசைக்கு 7 துண்டு அடங்கும். சிக்கனம் என்று நினைத்து அப்படித்தான் பலரும் வெட்டுகிறார்கள். சாட்டினில் அது கூடாது. சாட்டினின் பளபளப்பு ஒரு திசைக்கு ஒரு மாதிரி, மேடை விளக்கில் துண்டுக்குத் துண்டு நிறம் மாறித் தெரியும். போதாததற்கு எட்டாவது துண்டுக்கு எப்படியும் இரண்டாவது வரிசை வேண்டும். எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்து வெட்டினால் வரிசைக்கு 4, இரண்டு வரிசையில் 8, மொத்தம் 44 அங்குல நீளம். ஒன்றேகால் கெஜம் வாங்கினால் போதும்.

துண்டுகளை இணைத்த பிறகு, ஒவ்வொரு தையலின் பின்பக்கமும் இரண்டு வெளி ஓரங்களிலும் முக்கால் அங்குல நாடாவைத் தைத்துச் சிம்பு போகப் பாதை செய்யுங்கள். அரை அங்குல நாடாவில் அடிப்பக்கம் சிக்கிக்கொள்ளும். சிம்பை நுனிப்பக்கமிருந்து கீழிருந்து மேலே செலுத்துங்கள்.

கயிறு: இரு வெளிச் சிம்பிலும் துளையிலிருந்து 8 அங்குல உயரத்தில் தூண்டில் நைலானைக் கட்டி மணிக்கட்டுக்குக் கொண்டுபோங்கள். கை விரிந்தால் வால் விரியும். ஆனால் தானாக மூடாது. பாதிக்கு மேல் சாய்ந்த சிம்பு தன் பாரத்திலேயே கீழே விழுந்து கிடக்கும். அதே உயரத்தில் நடுச் சிம்புக்கும் வெளிச் சிம்புகளுக்கும் பின்னால் எலாஸ்டிக் கட்டினால் அது மூடிக்கொடுக்கும். ரொம்ப இறுக்கினால் ஒரு பாட்டு முடிவதற்குள் கை கடுக்கும். கையைத் தொங்கவிட்டதும் மெதுவாக மூடுகிற அளவுக்கு இருந்தால் சரி. எலாஸ்டிக்கோடு சேர்த்து நீளாத நூல் ஒன்றும் கட்டி, 75 பாகைக்கு மேல் வெளிச் சிம்பு போகாமல் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் உற்சாகமாக ஆடும் பிள்ளை முதல் நாளே துணியைக் கிழித்துவிடும்.

கேள்வி: தமெய்னில் இறகு எத்தனை வைப்பது? கணக்கே பிடிபடவில்லை.
– வாசகி, பெகு

பதில்: தமெய்ன் சுற்றளவு 38 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இறகு இரண்டரை அங்குல அகலம், தையலோடு நாலரை நீளம். 2 அங்குலத்துக்கு ஒன்றாக வைத்தால் வரிசைக்கு 19. வரிசைகளுக்கு இடையிலும் 2 அங்குலம், 18 அங்குல உயரத்துக்கு 9 வரிசை, மொத்தம் 171. மூன்று நிறத்தில் தலா அரைக் கெஜம் வாங்கினால் நிறத்துக்கு 68 இறகு வெட்டலாம், வேண்டியது 57.

அடி வரிசையை முதலில் தைத்து மேலே ஏறுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு வரிசையின் தையலையும் அடுத்த வரிசை மறைக்கும். ஒன்றுவிட்டு ஒரு வரிசையை ஓர் அங்குலம் தள்ளி வைக்க வேண்டும். தமெய்ன் சுற்றிக் கட்டுவது என்பதால், உள்ளே போகும் 10 அங்குலத்தில் இறகு வேண்டாம். வைத்தால் ஒரு பக்க இடுப்பு வீங்கித் தெரியும்.

பாலியெஸ்டர் துணியானால் ஓரத்தை மெழுகுவத்தித் தீயில் காட்டி உருக்கலாம், பிரியாது. பருத்தி இப்படி உருகாது, எரிந்துபோகும். அதே பாலியெஸ்டர் உடம்பில் இருக்கும்போது தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். விளக்குத் திருநாளில் ஆடுவதானால் அகல் வரிசையைப் பிள்ளையிடமிருந்து தள்ளியே வையுங்கள்.

கேள்வி: நம் புராணங்களில் கின்னரருக்குக் குதிரை முகம் என்கிறார்களே, பறவை உடல் சரியா?
– வாசகர், மாந்தளை

பதில்: இரண்டும் உண்டு. குதிரைத் தலை வட நூல்களின் மரபு. பர்மாவிலும் தாய்லாந்திலும் பறவை உடல்தான். அரசவை உடையோடு சேர்வதும் அதுதான்.

கேள்வி: சட்டைக்கு வெல்வெட்டில் மாந்தளைத் தங்க நூல் வேலை செய்யலாமா? பிறகு எப்படி வைத்துக்கொள்வது?
– வாசகி, ரங்கூன்

பதில்: செய்யலாம், ஆனால் முன்பட்டியிலும் மணிக்கட்டிலும் மட்டும். அந்த வேலை கலகா எனும் தொங்குதிரைகளுக்கு ஏற்றது. உள்ளே பஞ்சு அடைத்து உருவத்தை மேடாக்கி, மேலே நூலைப் படுக்கவைத்துக் கட்டி, சம்கி நிரப்புவார்கள். சட்டை முழுவதும் அப்படிச் செய்தால் பாரமும் புழுக்கமும் தாங்காது. வெல்வெட்டை மேலிருந்து இஸ்திரி போடாதீர்கள், ரோமம் படுத்துவிடும். உள்பக்கமிருந்து ஆவி மட்டும் காட்டுங்கள். வியர்வை பட்ட உடையை ஒரு நாள் நிழலில் காயவிட்டுப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், உலோகச் சம்கியும் கறுத்துவிடும். வாலைக் கழற்றி, எலாஸ்டிக்கை அவிழ்த்துவிட்டுத் தனியாகத் தொங்கவிடுங்கள்.