சூடானதும் நிற்கும் வான்: கடிதமாக எழுதிக் கொடுங்கள்

வணக்கம் தம்பி. வாங்கி இரண்டு மாதமான பெற்றோல் வான் வவுனியா போகும் வழியில் அடிக்கடி நிற்கிறது, அரை மணித்தியாலம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது, விற்ற முகவர் போனே எடுப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட எல்லா வாகனமும் நிற்கத்தான் செய்யும். உங்களுடையது கனகராயன்குளத்திலும் ஓமந்தையிலும் நிற்பதுதான் பிரச்சினை.

சூட்டில் நின்று ஆறியதும் ஓடினால் எனக்கு முதல் சந்தேகம், என்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சரில்தான். என் பழைய வானிலும் இதே கூத்து. கராஜுக்குப் போவதற்குள் ஆறிவிடும், அவர்களும் "ஒன்றுமில்லை அண்ணை" என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த முறை நின்றவுடன் சாவியை 'ON' நிலையில் வைத்துக் காது கொடுங்கள். பெற்றோல் பம்பின் 'ம்ம்ம்' சத்தம் இல்லையென்றால் பம்பையோ அதற்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயையோ பார்க்க வேண்டும். சத்தம் இருந்தால் சென்சர் பக்கம். டாங்க் மூடியைத் திறந்ததும் ஓடினால் காற்றுப் போகும் வழி அடைப்பு. ஒவ்வொரு முறையும் திகதி, இடம், மீற்றர் கணக்கு எழுதி, போனில் வீடியோவும் எடுங்கள்.

வாரண்டி இருக்கும்வரை வெளியில் கழற்ற விடாதீர்கள், அதைச் சாட்டாக வைத்தே கைவிரிப்பார்கள்.

போனில் கத்திப் பயனில்லை. முகவருக்கும் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போட்டு, தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதிலுக்காக அதிகம் காத்திருக்கவும் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம்தான் மிச்சம். அந்தச் சபையின் 1977 இலக்கத்துக்குப் போன் அடித்தால் எங்கே கொடுப்பதென்று சொல்வார்கள்.

அப்புறம், இரவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வானில் போகாதீர்கள். ஓட்டத்தில் என்ஜின் நின்றால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் இறுகிவிடும்.