கடிபடுகுதா, விளையாடுகுதா?

வணக்கம் அண்ணா,

நாங்கள் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். வீட்டில் நாலு மாதக் குட்டி நாய், பெயர் டொமி. பக்கத்து வீட்டில் அதைவிடப் பெரிய நாய் ஒன்று. வேலியில் இருக்கிற பொட்டுக்குள்ளால் பின்னேரமானால் ஒன்று மற்றதிடம் போய்விடும். காதைக் கடித்து, கழுத்தைப் பிடித்து உலுப்பி, உறுமி, பார்க்கவே பயமாக இருக்கும். அம்மம்மா தும்புத்தடியோடு போய்ப் பிரித்துவிடுவார். அடுத்த நிமிடம் இரண்டும் திரும்பச் சேர்ந்துவிடும். "இது சண்டைக்குப் பழகுது. இப்பவே நிப்பாட்டாட்டி நாளைக்கு ஆக்களைக் கடிக்கும்" என்கிறார் மாமா. பூனையும் இருக்கிறது, அணில், ஓணான் என்று பிடித்துவந்து வாசலில் போடும். நான் நூலில் கடதாசி கட்டி அதோடு விளையாடுவேன். அதுவும் வேட்டைக்குப் பழக்குகிற வேலையாம். மாமா சொல்வது சரியா?

தர்ஷினி

அன்புள்ள தர்ஷினி,

மாமாவுக்குத் துணை இருக்கிறது. 1896இல் கார்ல் குரூஸ் என்ற ஜேர்மன் அறிஞரும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: குட்டிகளின் விளையாட்டு, பிற்கால வாழ்க்கைக்கான ஒத்திகை. கேட்டவுடன் சரியென்று படுகிற விளக்கம். பள்ளிக்கூடத்தில் நமக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

சோதித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் வந்தது. 1980இல் டிம் காரோ பூனைக்குட்டிகளை வைத்து ஆராய்ந்தார். பொருட்களோடு விளையாடிய அனுபவத்தால் குட்டிகள் பிறகு திறமையான வேட்டைக்காரர் ஆனதாகத் தெரியவில்லை. தென்னாபிரிக்காவின் கலகாரியில் மீர்கட் என்றொரு பிராணி, கீரியின் உறவு. அவற்றைப் பின்தொடர்ந்த லிண்டா ஷார்ப், சிறுவயதில் அதிகம் விளையாட்டுச் சண்டை போட்டவை வளர்ந்தபின் நிஜச் சண்டையில் அதிகம் வென்றனவா என்று பார்த்தார். இல்லை. அந்த முடிவு 2005இல் வெளிவந்தது.

அதற்காக விளையாட்டு வீண் என்று ஆகிவிடாது. கனடாவில் செர்ஜியோ பெல்லிஸ் குழுவினர் எலிக்குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வுகள் எனக்கு அதிகம் பிடித்தவை. விளையாடுவதற்குச் சோடி இல்லாமல் வளர்ந்த எலிகளுக்குச் சண்டை பிடிக்கத் தெரியாமல் போகவில்லை. மற்ற எலிகளோடு ஒத்துப்போகத்தான் தடுமாறின. மூளையின் முன்பகுதி நரம்புக்கலங்களின் வளர்ச்சியிலும் வித்தியாசம் இருந்தது. உங்கள் டொமி ஏதாவது பழகுகிறதென்றால், எவ்வளவு கடித்தால் கூட்டாளி விளையாட்டை விட்டுப் போய்விடும் என்பதைத்தான் பழகுகிறது என்பேன். மாமா பயப்படுவதற்கு இது நேர் எதிர்.

இனி, சண்டையா விளையாட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்றைக்குத் தும்புத்தடியை ஒளித்துவைத்துவிட்டுப் படியில் இருந்து பாருங்கள். முன்கால் இரண்டையும் நிலத்தில் நீட்டிப் படுத்து, பின்புறத்தை மட்டும் தூக்கி, வாலை ஆட்டிக்கொண்டு ஒரு நாய் மற்றதைப் பார்க்கும். மார்க் பெக்கோஃப் என்ற ஆய்வாளர் இந்த வணக்கத்தை நாய், ஓநாய், கொயோட்டி (ஓநாயின் உறவான வட அமெரிக்கப் பிராணி) மூன்றிலும் படமெடுத்து எண்ணினார். விளையாட்டைத் தொடங்க மட்டும் அது வரவில்லை. கடித்துப் பிடித்துத் தலையை உலுப்புகிற கட்டத்துக்குச் சற்று முன்னும் பின்னும் அதிகமாக வந்தது. உலுப்புவது இரையைக் கொல்லும்போது செய்கிற வேலை; கூட்டாளி பிழையாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அதனால்தான் இந்த முன்னறிவித்தல். அம்மம்மா பயந்ததும் அதே உலுப்பலைக் கண்டுதான், இல்லையா?

வேறு அடையாளங்களும் உண்டு. பெரிய நாய் தானாகவே மல்லாக்க விழுந்து கொடுக்கும். கலைத்த நாய் திடீரென்று கலைபடும். இடையில் இரண்டும் நின்று மூச்சு வாங்கும். சந்தேகமாக இருந்தால் முரட்டுத்தனம் காட்டுகிற நாயைச் சற்றுப் பிடித்து வையுங்கள். மற்றது திரும்பி வந்து வம்பிழுத்தால் விடுங்கள். வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு கதிரைக்குக் கீழே போனால் அன்றைக்குப் போதும். நீங்கள் எழுதியபடி பார்த்தால், பிரித்தபின்னும் இரண்டும் தாமாகச் சேருகின்றன. டொமி பதில் சொல்லிவிட்டது.

கோர்டன் பர்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் எது விளையாட்டு என்று சொல்ல ஐந்து நிபந்தனைகள் வைத்தார். அவற்றில் ஒன்று, பசியோ நோயோ அச்சமோ அழுத்தாத நேரத்தில் நடக்க வேண்டும் என்பது. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்களைக் கவனியுங்கள். ஒரு குட்டி காரணமில்லாமல் பாய்ந்து ஓடும், சடாரென்று திரும்பும், துள்ளும், நிற்கும். துரத்த ஒன்றுமில்லை. தாய் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அசைபோட்டுக்கொண்டிருக்கும். தாய்க்குப் பதற்றமில்லை என்பதே நமக்குச் சாட்சி. (அவற்றுக்குப் பொலித்தீன் பையோடு சாப்பாடு எறிகிற பக்தர்களைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.)

பாலூட்டிகளோடு இது நின்றுவிடவுமில்லை. லண்டனில் லார்ஸ் சிட்காவின் ஆய்வுகூடத்தில் 45 பம்பிள் தேனீக்களுக்குச் சிறிய மர உருண்டைகளைக் கொடுத்தார்கள். உருட்டினால் சாப்பாடு கிடையாது. ஆனாலும் உருட்டின, ஒரு தேனீ 117 தடவை. வயது குறைந்தவை கூடுதலாக உருட்டின. 2022இல் வெளிவந்த ஆய்வு இது. தேனீ எந்தப் போருக்கு ஒத்திகை பார்க்கிறது என்று மாமாவிடம் கேளுங்கள்.

பூனைக்கு வருவோம். இங்கிலாந்தில் எக்ஸெற்றர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 5 முதல் 10 நிமிடம் ஆட்கள் சேர்ந்து விளையாடிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. இறைச்சி அதிகமுள்ள உணவு கொடுத்த வீடுகளில் 36 சதவீதம். ஆகவே நூலை விடாதீர்கள்; அணில்களுக்கும் நல்லது. ஆனால் ஒரே கடதாசியைக் காட்டினால் சலித்துவிடும். சலிப்பு அந்தப் பொருளில்தான், விளையாட்டில் இல்லை. கடதாசியைக் கழற்றிக் கோழி இறகைக் கட்டிப் பாருங்கள், புதிதாகத் தொடங்கும்.

மாமாவின் பயத்தில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது, வேறு காரணத்துக்காக. விளையாட்டுக் கடியிலும் பல் படும், எச்சில் படும். இரண்டு நாய்க்கும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று முதலில் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். போட்டிருந்தால் வேலிப் பொட்டை அடைக்க வேண்டாம்.